முப்பத்தொன்றாம் வீட்டின் பச்சைப் புள்ளி

போர்ட் பிளேரில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில், பொது சுகாதாரம் படிக்கும் மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு குடியிருப்பில் பத்து நாள் தங்கி வர வேண்டும். காலையில் வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாளை நிரப்புவார்கள். மாலையில் அந்த ஊருக்குப் பயன்படுகிற ஒரு வேலையைச் செய்வார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு வலை கட்டுவது, கிணற்றுக்குக் குளோரின் போடுவது, சாக்கடை வெட்டுவது என்று ஏதாவது ஒன்று. கடைசி நாள் ஊரைக் கூட்டி, தாங்கள் கண்டதை ஊருக்கே சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். சேவை வழிக் கற்றல் என்று பாடத்திட்டத்தில் இதற்குப் பெயர். ஆரம்பித்த நாளிலிருந்து இதை நடத்துகிறவள் நான்தான்.

மாணவர்களுக்கென்று பதினான்கு விதிகள் எழுதி வைத்திருக்கிறேன். அவற்றில் இரண்டை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். நான்காவது விதி, எந்த வீட்டிலும் எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. ஒரு வீட்டில் டீ குடித்துவிட்டு அடுத்த வீட்டில் வேண்டாம் என்றால் மனத்தாங்கல் வரும். குடித்த வீட்டில் கேள்வி கேட்க நாக்கு கூசும். ஒன்பதாவது விதி, கேள்வித்தாளில் யார் பெயரையும் எழுதக் கூடாது, வீட்டு எண் மட்டும் போதும். நோயைப் பற்றிக் கேட்கிறோம், பெயர் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது.

நான் சொல்லப்போகிற ஊர் மாயாபந்தருக்கும் திக்லிபூருக்கும் நடுவில், பிரதான சாலையிலிருந்து பாக்குத் தோட்டங்களுக்குள்ளே போனால் வரும். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் பாதி, வங்காளிக் குடும்பங்கள் பாதி. தோட்டத்தில் கூலி வேலை. தமிழ்க் குடும்பத்தார் தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பார்கள். வங்காளிகளும் கொஞ்சம் தமிழில் திட்டுவார்கள். வயதான பெண்கள் சிலர் என்னைத் தொரசானி என்று கூப்பிட்டார்கள். தோட்டத்தில் வெள்ளைக்காரன் பெண்டாட்டிக்குச் சொன்ன சொல். மரியாதைக்கா கேலிக்கா என்று கேட்டேன். "ரெண்டுக்குந்தான்" என்றாள் ஒருத்தி.

அந்த ஊரில் வீடுகளுக்கு எண் கிடையாது. எண் இல்லாமல் என் ஒன்பதாவது விதி நடக்காது. ஆகவே முதல் நாளே தகரத்தில் எண்களை வெட்டி அச்சு செய்து, ஒவ்வொரு கதவு நிலையிலும் நீல எனாமல் வண்ணத்தில் போட்டோம். ஊருக்கு அது பெரிய விஷயமாகிவிட்டது. பஞ்சாயத்துத் தலைவர், அங்கே பிரதான் என்பார்கள், நடுத்தர வயது வங்காளி, தன் வீட்டுக்கு ஒன்றாம் எண் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு நாளில் பிள்ளைகள் ஒருவரையொருவர் எண் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நாற்பத்திரண்டு வந்துட்டான், பதினெட்டு அழுவுறா. மாணவர்கள் சிரித்தார்கள். ஊர் நம்மோடு ஒட்டிக்கொண்டது என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

முப்பத்தொன்றாம் வீட்டில் இருந்தவள் பள்ளிக்கூடத்தின் மதிய உணவுச் சமையல்காரி, பிள்ளைகளுக்குச் சோத்தக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் பாக்கு மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவர். நாள் முழுக்கக் கட்டிலில்தான். அவள் சமைத்துக் கொண்டுவருகிற சம்பளத்தில்தான் அந்த வீடு நடந்தது. ஊரில் வேறு வேலை என்றால் பாக்கு உரிப்பதுதான், அதுவும் பருவத்தில் மட்டும். பள்ளிக்கூட வேலை அவளுக்குக் கிடைத்தபோது ஊரில் இன்னும் மூன்று பேர் அதற்குக் காத்திருந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

அந்த வீடு ஒரு மாணவிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. போர்ட் பிளேர்ப் பெண். பத்தொன்பது வயது. முதல்முறையாக வீட்டை விட்டு வந்தவள். குண்டு குண்டாக, கோடு பிசகாமல் எழுதுவாள். அந்த ஆண்டு மாணவர்களிலேயே எனக்குப் பிடித்தவள் அவள்தான்.

ஆறாம் நாள் மத்தியானம் கேள்வித்தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து நின்றாள். முப்பத்தொன்றின் தாளில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் வைத்திருந்தாள். கடந்த ஐந்தாண்டில் வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்ற கட்டம்.

ஏன் என்று கேட்டேன். அந்த அக்காவுக்கு இருந்தது, மாத்திரை எல்லாம் தின்று முடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றாள். ஊரில் தெரியக்கூடாது என்று உள்ளூர் சுகாதார நிலையத்துக்குப் போகாமல் மாயாபந்தருக்கே போய் மருந்து வாங்கியிருக்கிறாள். நோய் தெரிந்ததுமே பள்ளிக்கூடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு, திக்லிபூரில் தங்கை வீட்டில் இரண்டு மாதம் இருந்திருக்கிறாள். இனிப் பரவாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அடுப்படிக்குத் திரும்பியிருக்கிறாள். மாத்திரையைப் பார்த்தவர்களிடம் சர்க்கரைக்கு என்று சொல்லியிருக்கிறாள்.

"எழுதிக்காதேன்னு சொல்லித்தான் மேடம் சொன்னாங்க" என்றாள் மாணவி.

"கேட்டதற்குப் பதில் சொன்னார்களா, சும்மா பேசும்போது சொன்னார்களா?"

"சும்மாதான் மேடம்."

"காதில் விழுந்தது உண்மையா?"

"உண்மைதான்."

"அப்போது எழுது. பேரா எழுதப்போகிறாய்? நம்பர்தானே."

அவள் அங்கேயே நின்று எழுதினாள். என் பேனாவை வாங்கித்தான் எழுதினாள்.

கடைசி நாளுக்காக ஒரு வேட்டி அகலத் துணியில் ஊர் வரைபடம் போட்டோம். எல்லா வீடும் சதுரம், சதுரத்துக்குள் எண். மூடாத தண்ணீர்த் தொட்டிக்கு நீலப் புள்ளி, கழிப்பறை இல்லாததற்குச் சிவப்பு, ரத்த அழுத்தத்துக்கு மஞ்சள். காசநோய்க்கு என்ன நிறம் என்று மாணவர்கள் கேட்டபோது நன்றாக யோசித்தேன். முழுச் சிகிச்சை முடிந்து குணமானது நல்ல செய்தி. அதற்குப் பச்சை என்றேன். பயப்படுத்தாத நிறம் என்று நினைத்தேன். துணி முழுக்க நீலமும் சிவப்பும் மஞ்சளுமாக நிறைந்திருந்தது. பச்சை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கூட்டம் பள்ளிக்கூட முற்றத்தில் நடந்தது. அவளும் வந்திருந்தாள், கூட்டத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டவளே அவள்தான். பெரிய கெட்டிலோடு வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தாள். மாணவர்கள் இந்தியிலும் தமிழிலும் விளக்கினார்கள். நீலம் இன்னது, சிவப்பு இன்னது. ஜனங்கள் தங்கள் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். பிரதான் வீட்டுச் சதுரத்தில் இரண்டு நீலப் புள்ளி இருந்தது. பிரதான்ஜி வீட்ல கொசு பண்ணை என்று யாரோ சொன்னார்கள். அவரும் சிரித்தார்.

பச்சைக்கு வந்தபோது ஒரு மாணவன், என் சொற்களை அப்படியே மனப்பாடமாகச் சொன்னான்: காசநோய் இருந்து, முழுச் சிகிச்சை பெற்று, குணமடைந்த வீடு, இது இந்த ஊருக்குப் பெருமை.

ஒரு பிள்ளை எழுந்து துணிக்குப் பக்கத்தில் போய் வாசித்தது. "மூணு, ஒண்ணு. முப்பத்தொண்ணு. சோத்தக்கா வீடு."

பிறகு நடந்தது எல்லாம் சத்தமில்லாமல்தான் நடந்தது. அவள் கையில் கெட்டில் இருந்தது. நடு வரிசை வரை ஊற்றியிருந்தாள். முன் வரிசையில் ஒருத்தி தன் கிளாசைத் தரையில் வைத்தாள். பக்கத்தில் இருந்தவளும் வைத்தாள். கிளாஸ் வைக்கிற ஓசை பின்னால் வரைக்கும் போனது.

முதலில் பேசியவள், அந்த வேலைக்குக் காத்திருந்த மூன்று பேரில் ஒருத்தி. மரியாதையாகத்தான் கேட்டாள்.

"மேடம், ஒரு டவுட்டு. டிபி பிமாரி இருந்த கையாலயா எங்க புள்ளைங்க இம்புட்டு நாளா சோறு தின்னுச்சுங்க?"

குணமாகிவிட்டது, பரவாது, உணவு வழியாகப் பரவுகிற நோயே இல்லை என்று நான் எழுந்து விளக்கினேன். மூச்சுக்காற்று, நுரையீரல், மருந்தின் முதல் வாரங்கள் என்று வரிசையாகச் சொன்னேன். பேசி முடித்தபோதுதான் கவனித்தேன், அந்த வீட்டை யாரும் தவறாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதை நானே உறுதி செய்திருந்தேன். தெரியாது, பொதுவாகச் சொன்னது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படி வராது.

"குணமாயிருச்சுன்னா ஏன் மறைக்கணும்?" என்றாள் அவள். "காலேஜ் புள்ளைங்களே அவ வூட்ல ஒரு வா தண்ணி குடிக்கல. நானே பாத்தேன். வாசல்ல கெஞ்சுறா, வேணாம் வேணாம்னு ஓடுதுங்க. படிச்சவங்களுக்குத் தெரியாதா?"

எந்த வீட்டிலும்தான் குடிக்கவில்லை. கேள்வி கேட்டவள் வீட்டிலேயேகூடக் குடிக்கவில்லை. அதையும் சொன்னேன். அது விதி என்றேன். விதி எதுக்கு வச்சிருக்கீங்க மேடம், இதுக்குத்தானே என்று பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. ஒருவர் இருவர் சிரித்தார்கள்.

என் மாணவி மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

சமையல்காரி கெட்டிலைக் கொண்டுபோய் அடுப்பங்கரை மேடையில் வைத்தாள். திரும்பி வந்து துணிக்கு முன்னால் நின்று தன் சதுரத்தைப் பார்த்தாள். அவளுக்கு எண் வாசிக்கத் தெரியும். பிறகு என்னைப் பார்த்து, "பச்சை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் பஸ்ஸில், காட்டுப் பாதையில் வண்டிகளைச் சேர்த்து அனுப்பும் வரிசைக்காகக் காத்திருந்த நேரத்தில், மாணவி என் பக்கத்து இருக்கைக்கு வந்தாள். அந்த வீட்டில் தான் குடித்ததாகச் சொன்னாள். ஐந்தாம் நாள் அவளுக்கு வயிற்றுவலி. சமையல்காரி அவளை உள்ளே பாயில் படுக்கவைத்து, சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, சீரகம் வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்திருக்கிறாள். அம்மா நினைப்பில் மாணவி அழுதபோதுதான், நானும் திக்லிபூர்ல ரெண்டு மாசம் இப்பிடித்தான் ஒத்தையில அழுதேன் என்று பேச்சு ஆரம்பித்து, நோயைச் சொல்லியிருக்கிறாள். ஊரிலேயே வேறு யாரிடமும் அவள் சொன்னதில்லை.

"நேத்தே எந்திரிச்சு நான் குடிச்சேன்னு சொல்லியிருந்தா வாய மூடிருப்பாங்க மேடம்" என்றாள். "நீங்க உக்காந்திருந்தீங்க. அதான் சொல்லல."

அவள் சொன்னது சரிதான். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கூட்டம் வேறு மாதிரி முடிந்திருக்கலாம். அவள் பயந்தது என் நான்காவது விதிக்கு. நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். விதியை மீறியதற்காக, எல்லோருக்கும் குறைப்பது போல அவளுக்கும் மதிப்பெண் குறைத்தேன். கேள்வித்தாளை ஒரு கட்டமும் விடாமல் நிரப்பியதற்கு முழு மதிப்பெண் போட்டேன். மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு அவள் என் அறைக்கு வந்தாள். காப்பிக்குக் குறைத்தது இருக்கட்டும், கட்டத்தை நிரப்பியதற்குக் கொடுத்ததை எடுத்துவிடுங்கள் என்றாள். அப்படி எடுக்க விதியில் இடமில்லை என்றேன். அதற்குப் பிறகு அவள் என் வகுப்பில் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

ஊரிலிருந்து ஒரு வாரத்தில் போன் வந்தது. சமையல்காரிதான். கொஞ்ச நாள் வீட்டில் இரு என்று பிரதான் சொல்லிவிட்டாராம். அவள் கடைசியாகச் சமைத்த அன்று பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் பிள்ளைகள்தான் சாப்பிட்டார்களாம்; மற்ற பிள்ளைகளை அம்மாக்கள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். அவள் அழவில்லை. "ஒங்க படிப்பால ஏதாவது செய்ய முடியுமா மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

முடியும் என்றுதான் நினைத்தேன். மாயாபந்தர் டாக்டரிடம் பேசி, இன்ன பெயருள்ள இந்தப் பெண்மணி இன்ன மாதத்திலிருந்து இன்ன மாதம் வரை மருந்து உட்கொண்டு முழுக் குணமடைந்தார், சமைப்பதற்குத் தடை இல்லை என்று முத்திரையோடு சான்று வாங்கினேன். அதைத் தலைமை ஆசிரியருக்கு அனுப்பினேன். முறைப்படி பஞ்சாயத்துக்கு ஒரு நகலும் போட்டேன். யாருக்கு அனுப்பினாலும் நகல் போடுவது என் பழக்கம்.

பஞ்சாயத்து எழுத்தர் நகலைக் கூட்டத்தில் இந்தியில் உரக்க வாசித்திருக்கிறார். வந்த கடிதம் எதுவானாலும் வாசித்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது அவருடைய விதி. பச்சைப் புள்ளி கூட்டத்துக்கு வராதவர்களுக்கும் இப்போது விவரம் தெரிந்தது. மாதங்கள் வேறு தெரிந்துவிட்டன. அந்த ஆறு மாதங்களில் கடைசி நான்கும் அவள் பள்ளிக்கூடத்தில் சமைத்த மாதங்கள். பரவாது என்று டாக்டர் சொன்ன பிறகு அவள் திரும்பிவந்த மாதங்கள் அவை. அதை எப்படி விளக்கினாலும் கேட்க அங்கே ஆள் இல்லை. மருந்து தின்னுகிட்டே நம்ம புள்ளைங்களுக்குச் சோறு போட்டிருக்கா என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது. அன்றைக்கே வேறு ஆளைப் போட்டார்கள். கூட்டத்தில் முதலில் கேள்வி கேட்டவளைத்தான்.

நான் நேரில் போனேன். அவள் ஒரு தோட்டத்தின் களத்தில் பாக்கு உரித்துக்கொண்டிருந்தாள். மற்ற பெண்கள் ஒரு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குத் தனியாக ஒரு குவியல் போட்டிருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தபோது அவள் கத்தியை நிறுத்தவில்லை.

"கடுதாசி போட்டது போதும் மேடம். இனி போடாதீங்க. ஒங்க கடுதாசிக்கு முன்னால பாதிப் பேருக்குத்தான் தெரியும்."

வேறு என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

"போர்ட் பிளேர்ல எங்கயாச்சும் சமையல் வேல பாத்துக் குடுங்க. இந்த மனுசன எங்கொழுந்தன் வூட்ல விட்டுட்டு வந்துர்றேன். மாசாமாசம் அனுப்புறேன்னா அவங்க வச்சிக்குவாங்க. பாக்கு முடிஞ்சா இங்க அதுவும் இல்ல." அடுத்த பாக்கைக் கையில் எடுத்தாள். "பிமாரிய மட்டும் சொல்லிராதீங்க."

"கேட்டால் ஒழிய நானாகச் சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவள் அந்த வாக்கியத்தை யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. தலையை ஆட்டினாள்.

எங்கள் கல்லூரி விடுதியின் சமையலை ஒப்பந்தத்துக்கு எடுத்திருப்பவர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். நானும் அவரும் நகரத்தின் குட்வில் எஸ்டேட் பகுதியில் அடுத்தடுத்த தெருவில் குடியிருக்கிறோம். பெரிய பாத்திரச் சமையல் தெரிந்த பெண் ஒருத்தி இருக்கிறாள் என்றதும் உடனே அனுப்பச் சொன்னார். அவருக்கு அப்போது ஆள் தேவையாகத்தான் இருந்தது. தங்க, சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு அறையும் உண்டு என்றார். மறுநாள் மாலை நடந்து போகும்போது கேட்டில் நின்றவர், சம்பிரதாயத்துக்குக் கேட்பது போல ஒரு கேள்வி கேட்டார்.

"ஒடம்பு கிடம்பு நல்லா இருக்கும்லா மேடம்? சீக்குக் கீக்கு ஒண்ணும் இல்லையே?"

இல்லை என்பது ஒரு சொல். இப்போதைய நிலைக்கு அது பொய்யும் இல்லை. ஆனால் அவர் கேட்டுவிட்டார். நான் சொன்னேன். முன்பு காசநோய் இருந்தது. ஆறு மாதச் சிகிச்சை முழுதாக முடிந்தது. இப்போது யாருக்கும் பரவாது. டாக்டர் சான்று இருக்கிறது. எல்லாமே சரியான வாக்கியங்கள்.

அவர் முகம் மாறவில்லை. "நல்ல காலம் சொன்னீங்க மேடம். பிள்ளைங்க சாப்புடுற எடம் பாத்தியளா" என்று எனக்கு நன்றி சொன்னார். அவளை அனுப்புங்கள் என்று மறுபடி சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அவள் போன் செய்தாள். நான் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"எடம் இருக்கா மேடம்?"

இல்லை, வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்றேன்.

பிறகு கேட்டாள். "எம் பிமாரி அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். இந்த விஷயம் தொடங்கியதிலிருந்து நான் சொன்ன பொய்கள், வேறு ஆளைப் போட்டதாகச் சொன்னதும் இதுவுமாக இரண்டுதான்.

அவள் மூச்சு விட்டது கேட்டது. "அப்பிடின்னா பரவால்ல மேடம். அங்க யாருக்கும் தெரியாதுன்னா அது போதும். இது ஒண்ணுதான் சமையக்கட்டா? எத்தன ஹாஸ்டல் இருக்கு. எங்கொழுந்தன்கிட்ட பேசியாச்சு. திங்கக்கெழம பஸ்ஸுக்கு ஏறிர்றேன். நானே கேட்டுப் பாத்துக்கிறேன்."

போர்ட் பிளேரில் எனக்குத் தெரிந்த விடுதிச் சமையல்கட்டுகளில் பெரும்பாலானவை அதே ஒப்பந்தக்காரரிடம்தான் இருக்கின்றன. அதை நான் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.